பழைய போலோ ஜிடி வாங்கலாமா?

கேள்வி: 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ சல்லிசாக வருகிறது. செலவு வைக்குமா?
– வாசகர், பாரிவாக்கம்

பதில்: 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன். மிதித்தால் பறக்கும். எனக்குப் பயம் அதன் 7 கியர் டிஎஸ்ஜி பெட்டியில்தான். இரட்டை கிளட்ச், அதுவும் எண்ணெயில் நனையாத உலர் வகை. பூந்தமல்லி–ஆவடி சாலையில் மாலை நேரத்தில் அரையடி அரையடியாக ஊர்ந்தால், பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடேறும். அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் பில் லட்சத்தைத் தொடலாம். அதனால் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்து மயங்காதீர்கள். நெரிசலில், வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறுகிறதா பாருங்கள். உதறினால் பேரமே வேண்டாம், சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். (2020-க்குப் பிந்தைய 1.0 ஆட்டோமேட்டிக்கில் இந்தப் பெட்டி கிடையாது.)