ஏறி இறங்கும் இணைய வேகம்: சிம் ரூட்டரைச் சோதித்தறியும் முறை

மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இன்றே கடைசி நாள். மாலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் இரகசிய எண்ணை இட்டதும் திரையில் வட்டம் சுழலத் தொடங்குகிறது, நிற்கவேயில்லை. பணம் போயிற்றா, இல்லையா என்பது விளங்கவில்லை. காலையில் இதே ரூட்டர் தங்குதடையின்றி இயங்கியதே! இந்நிலையில் நாம் செய்யத்தக்கவை யாவை?

சிம் அட்டையால் இயங்கும் ரூட்டரில் தரவு இரு கட்டங்களாகப் பயணம் செய்கிறது. கோபுரத்திலிருந்து ரூட்டர் வரை முதற் கட்டம். ரூட்டரிலிருந்து நம் கருவி வரை இரண்டாம் கட்டம். குறை எக்கட்டத்தில் உள்ளது என்பதை அறியாமல் ரூட்டரை மாற்றுவதும், திட்டத்தை உயர்த்துவதும் வீண் செலவாகலாம்.

குறையைப் பிரித்தறிதல்

பிற கருவிகளைத் துண்டித்துவிட்டு, மடிக்கணினியைக் கம்பி வழியாக ரூட்டருடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பின்னர், வழக்கமாக அமரும் இடத்தில் வைஃபை வழியாக அளக்க வேண்டும். காலை, மாலை, நள்ளிரவு என மூன்று வேளையும் இரண்டு நாள்களுக்குக் குறித்துவைத்தல் நன்று. கம்பியில் சீராகவும் வைஃபையில் தடுமாற்றமாகவும் இருந்தால் குறை வீட்டிற்குள் உள்ளது. இரண்டிலும் தடுமாறினால் குறை பெரும்பாலும் கோபுரத்தின் பக்கம் உள்ளது.

கோபுரத்தின் பக்கம்

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்னும் அளவு காணப்படும். அது அலைவரிசையின் வலிமையைக் குறிக்கும். மைனஸ் 80 டிபிஎம் அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 110-க்கும் கீழே சென்றால் மிக நலிவு. கான்கிரீட் சுவரும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அலையைத் தடுப்பவை. ரூட்டரைச் சன்னலோரமாக உயரத்தில் வைத்து, எவ்விடத்தில் அளவு மேம்படுகிறது என்று பார்க்கலாம்.

வலிமை நன்றாக இருந்தும் மாலையில் மட்டும் வேகம் குன்றினால் நெரிசலே காரணமாகலாம். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அப்பகுதியினர் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். வேறு அலைக்கற்றையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் முயலலாம். அன்றாடத் தரவு வரம்பு தீர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்; வரம்பு கடந்தால் பல திட்டங்களில் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகச் சுருங்கிவிடும்.

வீட்டின் பக்கம்

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தொலைவு செல்லும். ஆயினும் அண்டை வீட்டு ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர்களைக் கடப்பதில் பின்தங்கியது. அருகில் அமர்வோர் பின்னதைப் பயன்படுத்தலாம். மின்கலம் உள்ள சிறு ரூட்டர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும்; தலையணைக்கு அடியிலும் வெயிலிலும் அதனை வைக்கலாகாது.

பணம் இடைவழியில் நின்றால்

இணைப்பு அறுந்தவுடன் மறுபடியும் பணம் அனுப்புதல் கூடாது. இருமுறை கழிய நேரிடலாம். முதலில் கணக்கு விவரத்தையும் பரிவர்த்தனை நிலையையும் பார்த்து, பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, யுபிஐ வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை கழிந்தும் அவரைச் சேராவிடில் மறுநாளுக்குள் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாவிடில் ஐந்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பதற்றத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'சேவை எண்'களை அழைப்பதே பேராபத்து. வங்கி அட்டையிலோ அதிகாரப்பூர்வச் செயலியிலோ உள்ள எண்ணை மட்டுமே அழைப்போம். ஓடிபியையும் இரகசிய எண்ணையும் எவரிடமும் கூறாதிருப்போம். மோசடி நேர்ந்துவிட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிப்போம். கட்டணத்தையும் கடைசி நாளின் மாலை வரை தள்ளிப்போடாதிருப்போம்.