முகமறியார்க்கு எழுதிய மடல்கள்

பெற்றோர்க்கும் நண்பர்க்கும் உரைக்க நாணும் துன்பத்தை ஒருவர் முகமறியாத ஒருவர்க்கு எழுத முற்படுதல் வியப்பன்றோ? ஆயினும் காதலிலும் பிரிவிலும் வருந்துவோர் பலர் இவ்வழியை நெடுங்காலமாக மேற்கொண்டுள்ளனர். அதன் வரலாற்றையும் பயனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1691-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டன் மாநகரில் ஜான் டண்டன் என்னும் நூல் வாணிகர் ஓர் இதழைத் தொடங்கினார். 'அதீனியன் மெர்க்குரி' எனப் பின்னர் வழங்கிய அவ்விதழின் பெயர், புதியன கேட்பதிலும் சொல்வதிலுமே பொழுது போக்கியவர் என அப்போஸ்தலருடைய நடபடிகள் 17-ஆம் அதிகாரம் கூறும் அத்தேனே நகரத்தாரை உட்கொண்டது. ஒரே தாளின் இருபுறமும் அச்சிடப்பெற்று வெளிவந்தது. வினா விடுப்போர் தம் பெயரைக் கூற வேண்டுவதில்லை; ஸ்மித் என்பாரின் காப்பிக் கடைக்குக் கடிதம் விடுத்தால் விடை இதழில் வெளிவரும். சமயம், இயற்கை நூல், கணிதம் ஆகியவற்றோடு காதலும் மணமும் பற்றிய வினாக்களும் வந்து குவிந்தன. பெற்றோர் உடன்படாதவரை மணத்தல் தகுமா? கொடுத்த வாக்கினின்று மீளலாமா? இத்தகையன அவை. பெண்டிரும் வினாவலாம் என்று அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது.

விடை பகர்ந்தோர் யாவர்? கற்றோர் பலர் கூடிய பெருஞ்சங்கம் என்றே மக்கள் கருதினர். இளைஞராயிருந்த ஜானதன் ஸ்விப்டும் அச்சங்கத்தைப் புகழ்ந்து பாட்டொன்று இயற்றினார். 1692-இல் அது அச்சேறிற்று. உண்மையிலோ பெரும்பணி புரிந்தோர் டண்டனும், கணிதம் வல்ல ரிச்சர்டு சால்ட்டும், சாமுவேல் வெஸ்லி என்னும் குருவுமாகிய மூவரே. பின்னாளில் ஜான், சார்லஸ் என்னும் வெஸ்லி உடன்பிறந்தார்க்குத் தந்தையாகிய இவரும் டண்டனும் தமக்கை தங்கையரை மணந்த சகலர். இதழ் தோன்றியபோது வெஸ்லிக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. 1697-இல் இதழ் நின்றது.

அங்ஙனமாயின் எழுதினோர் ஏமாந்தனரோ? முற்றும் அன்று. கலங்கிய உள்ளம் எழுதப் புகுங்கால், எது முன், எது பின், எது தன் பிழை, எது பிறர் பிழை என வகுத்து நோக்குகின்றது. பெயர் மறைதலால் நாணம் நீங்கி உண்மை வெளிப்படுகின்றது. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயரில்லாத் துயரைப் படிப்போர் யாவரும் தம் துயராகக் கொள்ளுதல் இயல்பு. இம்மடல்களுக்கும் அது பொருந்தும்.

எனினும் குறையும் உண்டு. முகமறியார் கேட்பது ஒரு பக்கத்து வழக்கே. மற்றவர் கண்ணீர் அவர்க்குத் தோன்றாது. அறிவுரையால் விளையும் தீங்கிலும் அவர்க்குப் பங்கில்லை. அகப்பாட்டின் தோழியோ தலைவியின் மெலிவைக் கண்ணாற் கண்டு, தலைவனையும் அறிந்து, பின்னரே உரைக்கின்றாள்.

இத்தாலியிலுள்ள வெரோனா நகரில் ஜூலியட்டின் கல்லறை எனக் காட்டப்பெறும் இடத்துக்கு வந்த மடல்களுக்கு, 1930-களில் எட்டோரே சோலிமானி என்னும் காவலர் விடையெழுதத் தொடங்கினார். இன்றும் தொண்டர் பலர் அப்பணியைச் செய்கின்றனர். கதையில் மட்டுமே வாழ்ந்த ஒருத்திக்கும் மக்கள் எழுதுகின்றனர் எனின், அவர் வேண்டுவது அறிவுரையினும் செவிசாய்ப்பாரையே என்பது தெளிவு.

ஆதலின் எழுதுவோரை எள்ளற்க. வந்த விடையை ஆணையாகக் கொள்ளாது, தம்மை நன்கறிந்த ஒருவரோடும் கலந்து முடிவு செய்தல் அவர்க்கு நலம். நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் அருகிருக்கும் தோழர் முகமறியாரைத் தேடிச் செல்வது நம் ஏளனத்துக்கு அஞ்சியோ என நம்மை நாமே வினவுவோமாக.