கல்வெட்டுக்கு எதற்குத் தாழ்மை?

அன்புள்ள தம்பி,

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சோழ மன்னன் பராந்தகன், பிராமணர் ஊரான பிரமதேயம், அதன் சபை எல்லாம் நம் இருவருக்கும் பாலபாடம், அதற்குள் போகவில்லை. பத்திக்குப் பத்தி "என் தாழ்மையான கருத்து", "என்னைப் பொறுத்தவரை" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. கடைசியில் "இது என் ரெண்டு சென்ட்" என்று வேறு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்கள் கருத்தை அப்படித் தணித்துச் சொல்வார்கள். உத்திரமேரூரில் ரெண்டு சென்ட் என்றால் வீட்டுமனை. அந்த வரியை எடுத்துவிடு.

நீ அடக்கமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அடக்கத்தை இடம் மாற்றி வைத்துவிட்டாய். வாரியம் என்ற சபைக் குழுவுக்காகக் குடத்தில் பெயர் இடப்படுபவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 70-ஐத் தாண்டக் கூடாது "என்று கருதுகிறேன்" என்கிறாய். 919-இல் வகுத்த விதியை 921-இல் சபை கூடித் திருத்தி, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிவைத்தது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. நீயோ நானோ கருதுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

"உலகின் முதல் ஜனநாயகத் தேர்தல் இங்கேதான் நடந்தது" என்ற வரியில் மட்டும் "நான்" காணாமல் போய்விட்டது. கருத்து அதுதான், தம்பி! அங்கே யாரும் வாக்களிக்கவில்லை. குடும்பு என்ற 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஏதென்ஸ் நகரத்தார் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குலுக்கல் முறையில் ஆட்களைப் பொறுக்கினார்கள். நிலமும் வேதமும் இல்லாதவன் பெயர் ஓலையில் ஏறவே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஜனநாயகத்தின் ஊற்று இதுதான் என்று நீ நம்பலாம். நம்பினால், "நான் இப்படி நினைக்கிறேன், காரணம் இது" என்று எழுது. என்னைக் கேட்டால், இந்தக் கல்வெட்டின் பெருமை யார் முதல் என்பதில் இல்லை; கணக்குக் காட்டாதவனை மறுபடி அண்டவிடாத அந்தக் கண்டிப்பில் இருக்கிறது.

பள்ளி நாட்களில் எங்கள் தமிழாசிரியர் அந்தக் கோயில் சுவரோரம் எங்களை நிறுத்தி, எழுத்தின் மேல் விரலை ஓட்டி வாசிப்பார். தெளிவான இடத்தில் குரல் ஓங்கும். தேய்ந்த இடம் வந்ததும் விரல் நின்றுவிடும். "இங்க பொரிஞ்சிருக்குடா. நான் இப்படிப் படிக்கிறேன், வேற மாதிரியும் படிக்கலாம்" என்பார். அவர் வாயில் "நான்" வந்தது அந்த இடங்களில் மட்டும்தான். எழுத்தில் எது கல், எது நம் ஊகம் என்ற வித்தியாசம் அவரிடம் கற்றதுதான்.

சிறுவன் எடுத்த ஓலையை நடுவனான மத்தியஸ்தன் வாங்கும் பத்தியை எழுதியவனும் நீதானே? ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கிறான், உரக்க வாசிக்கிறான், பிறகு மண்டபத்திலிருந்த கோயில் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்கிறார்கள். விரித்த கையில் எதையும் ஒளிக்க முடியாது என்பதை விளக்காமலே புரியவைத்துவிட்டாய். இந்தக் கல்வெட்டைப் பற்றி நான் படித்ததில் இதற்கு நிகராக ஒரு பத்தி கிடையாது. பார், அதில் ஓரிடத்திலும் "என்னைப் பொறுத்தவரை" இல்லை.

அடுத்து ஏரி வாரியத்தைப் பற்றி எழுதப்போகிறாயாம். நல்லது. ஆறு பேர் பொறுப்பில் இருந்த வாரியம் அது. வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் ஏரிக் கரைக்குப் போ, மதகைப் பார், பாசனக்காரர்களிடம் பேசு. கல்லில் உள்ளதையும் கண்ணால் கண்டதையும் நேராகச் சொல். யார் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று உனக்குப் படுகிறதோ, அதை உன் பெயர் போட்டு, காரணத்தோடு சொல். மறுப்பவர்கள் மறுக்கட்டும், அவர்களுக்கும் காரணத்தோடு பதில் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்