மிதிவண்டியும் மின்வண்டியும்

சாலை என்பது ஊரார் அனைவர்க்கும் பொதுவான உடைமை. நடந்து செல்வோன், மாட்டு வண்டியோன், மிதிவண்டியோன், உந்து வண்டியோன் ஆகிய யாவரும் அதன்கண் உரிமையுடையர். ஆயினும் புதியதொரு வண்டி வந்து சேருந்தோறும் பழையோரின் உரிமை சிறிது நெருக்குண்கின்றது. மாட்டு வண்டியை மிதிவண்டி முந்திற்று. மிதிவண்டியை உந்து வண்டி முந்திற்று. இந்நாளில் மின்கலத்தால் இயங்கும் வண்டி ஓசையின்றி வந்து மிதிவண்டியின் பக்கத்தே ஓடுகின்றது. இவ்வரவை மிதிவண்டியாளர் எங்ஙனம் கருதுகின்றனர், அக்கருத்தில் எத்துணை நியாயம் உளது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் கெலமங்கலம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கன்னட நாட்டின் எல்லையை அடுத்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் அது. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலரும் காய்கறியும் விளைகின்றன. வடக்கே ஓசூரில் ஆலைகள் நிறைந்துள்ளன. டி.வி.எஸ். நிறுவனம் 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து சிறு உந்து வண்டிகளைச் செய்து வெளியிடத் தொடங்கிற்று. ஏதர் நிறுவனம் 2021-இல் ஓசூரில் மின்வண்டித் தொழிற்சாலையைத் திறந்தது. அவ்வாண்டிலேயே இம்மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலையிலிருந்து மின்வண்டிகள் வெளிவரலாயின. ஆதலின் மின்வண்டி இப்பகுதிக்கு எங்கிருந்தோ வந்த விருந்தாளி அன்று. இம்மண்ணிற் பிறந்த பிள்ளையே. ஒரே வீட்டில் மூத்தோனும் இளையோனும் இணங்கி வாழும் வழியைத் தேடுவது போன்றதே நம் முன்னுள்ள வினா.

முதற்கண் பெயர்களை ஆராய்வோம். மிதிவண்டி என்பது வினைத்தொகை. மிதித்த வண்டி, மிதிக்கின்ற வண்டி, மிதிக்கும் வண்டி என மூன்று காலமும் அதனுள் கரந்து நிற்கின்றன. மின்வண்டி என்பதோ மின்னால் இயங்கும் வண்டி என விரியும். அது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. முன்னதில் மனிதன் உழைப்பே பெயராயிற்று; பின்னதில் கருவியே பெயராயிற்று. இனி, மிதித்தலும் மின்னும் கலந்தியங்கும் வண்டியொன்றும் உண்டு. மிதிப்போனுக்கு மின்பொறி துணை செய்யும். மிதித்தலை நிறுத்தின் அத்துணையும் நின்றுவிடும். இதனை இரு தொகைகளுள் எதனுள் அடக்குவது?

இலக்கணத்திற்கு எழும் இவ்விடர்ப்பாடு சட்டத்திற்கும் எழுந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மின்பொறியின் ஆற்றல் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்திருந்து, சோதனை நிலையத்தின் சான்றும் பெற்ற வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதற்குப் பதிவு வேண்டா. ஓட்டுவோர்க்கு உரிமமும் வேண்டா. அவ்வரம்பைக் கடந்தவை பதிவு பெற்று, பச்சைப் பலகையில் எண் தாங்கிச் செல்லல் வேண்டும். ஆகவே சாலையில் மின்வண்டி என்று நாம் பொதுவாகச் சுட்டுவன உண்மையில் மூவகையின: மிதித்தற்குத் துணை செய்வன, மிதியாமல் மெல்லச் செல்வன, மிதியாமல் விரைந்து செல்வன. மிதிவண்டியாளர் குறை கூறும்போது இம்மூன்றையும் ஒன்றாகவே கூறுகின்றனர். அவர் குறையை ஆராயும் நாமோ பிரித்தறிதல் வேண்டும்.

நிற்க. அவர்தம் குறைகள் யாவை? முதலாவது, ஓசையின்மை. மிதிவண்டியில் செல்வோனுக்குப் பின்புறத்தைக் காட்டும் கண்ணாடி இல்லை. காதே அவனுக்குப் பின்கண். பேருந்தின் முழக்கமும் உந்து வண்டியின் படபடப்பும் தொலைவிலேயே அவனுக்கு அறிவித்துவிடும். மின்வண்டியோ தோளருகே வந்த பின்னரே தன்னை அறிவிக்கின்றது. அத்திடுக்கீட்டில் கைப்பிடி சற்றே அசையினும் விழுதல் கூடும்.

இரண்டாவது, ஏற்றம். கெலமங்கலத்தைச் சூழ்ந்த நிலம் மேடும் பள்ளமுமானது. சமநிலத்தில் மிதிவண்டிக்கும் மெல்லிய மின்வண்டிக்கும் வேகத்தில் வேற்றுமை சிறிதே. ஏற்றத்திலோ நிலைமை வேறு. தளராமல் நெடுநேரம் மிதிக்கும் ஒருவன் தரும் ஆற்றல் ஏறத்தாழ 75 முதல் 100 வாட்டு வரை. நூறடிக்கு நாலடி உயரும் மேட்டில் 75 வாட்டு ஆற்றலைக் கொண்டு அவன் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவிலேயே ஏற இயலும். மின்துணை பெற்றவன் அதே மேட்டில் 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் செல்வான். மிதிவண்டி மெல்லச் செல்லுந்தோறும் வலமும் இடமும் மிகுதியாக ஆடும் என்பது ஓட்டியவர் யாவரும் அறிந்தது. எனவே வேக வேற்றுமை மிகும் இடமும் ஆட்டம் மிகும் இடமும் ஒன்றாகவே அமைகின்றன. இடர் அங்கேதான் உளது.

மூன்றாவது, இடம். சாலையின் இடப்புற ஓரமே மிதிவண்டியாளனுக்கு வழக்கத்தால் அமைந்த இடம். மணலும் கல்லும் குழியும் சேர்வதும் அவ்வோரத்திலேயே. மெல்லிய மின்வண்டியும் பேருந்துக்கு அஞ்சி அவ்வோரத்தையே நாடுகின்றது. இருவர்க்கும் அது போதாதபோது வலியவன் நிலைக்க, எளியவன் மண்ணில் இறங்குகின்றான்.

இவ்வச்சம் வெறும் மனமயக்கமோ என்பதைக் கணக்கால் அறியலாம். ஓடும் பொருளின் மோதல் வலிமை அதன் எடையைப் பொறுத்தும், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தும் அமையும். வண்டியும் ஆளுமாக 75 கிலோ எடையுள்ள மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் செல்கின்றது எனக் கொள்வோம். 85 கிலோ எடையுடன் 25 கிலோமீட்டர் செல்லும் மின்துணை வண்டியின் ஆற்றல் அதனினும் ஏறத்தாழ 3 மடங்கு. 170 கிலோ எடையுடன் 45 கிலோமீட்டர் செல்லும் மின்வண்டியின் ஆற்றலோ ஏறத்தாழ 20 மடங்கு. இதனால் பெறப்படுவது யாது? மின்துணை வண்டி மிதிவண்டிக்கு நெருங்கிய உறவு. விரைந்த மின்வண்டியோ உந்து வண்டியின் இனமேயாம். பகை மின்னின்கண் இல்லை. எடையின்கண்ணும் வேகத்தின்கண்ணுமே உளது.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் நடுவுநிலைமையாம். முழங்கால் தளர்ந்த முதியோன் மேட்டிலேறப் பொறியின் துணையைக் கொள்வது குற்றமாகுமா? பூக்கூடையோ பாற்குடமோ சுமந்து செல்லும் பெண்ணுக்கு அத்துணை எத்துணைப் பெரிது! மேலும், உந்து வண்டியின் பின்னே மிதித்துச் செல்வோன் மேல்மூச்சு வாங்குந்தோறும் அதன் புகையையும் உட்கொண்டான். மின்வண்டியின் பின்னே செல்வோனுக்கு அத்துன்பம் இல்லை. மிதிவண்டியாளன் பெற்ற இந்நன்மையையும் மறைத்தல் ஆகாது. 'உடலை வருத்தாமல் ஊர்கின்றான்' என்று சிலர் கூறும் இகழ்ச்சி நியாயமன்று. சாலை உழைப்பை அளக்கும் தராசு அன்றே!

எனினும் இருவரும் ஒரே நிலையினர் அல்லர். வண்டியை மாற்றிக்கொள்ளும் பொருள்வளம் ஒருவனுக்கு உண்டு, மற்றவனுக்கு இல்லை. தமிழ்நாட்டு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்கு மிதிவண்டியை விலையின்றி வழங்குவது, பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள தொலைவு கல்வியைத் தடுத்தல் கூடாது என்பதற்காகவே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்தறிவும் மிதிவண்டியும் அவர்க்கு இரு விடுதலைகளாயின. இத்தகையதொரு வண்டி அச்சத்தால் சாலையை விட்டு நீங்குமாயின், இழப்பு ஒரு வண்டிக்கு அன்று. 'இனிச் சைக்கிளில் போக வேண்டா' என்று தாயொருத்தி சொல்லும் நாளில் சிற்றூர்ப் பெண்ணொருத்தியின் படிப்பே நின்றுவிடக் கூடும்.

இனித் தீர்வு யாது? மிதிவண்டிகள் மலிந்த ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டனர். மணிக்கு 25 கிலோமீட்டர் செல்லற்குரிய சிறு பொறிவண்டிகள் அங்கு மிதிவண்டிப் பாதையிலேயே சென்று வந்தன. 2019 ஏப்ரலில் நகரின் உட்பகுதியில் அவை பெருஞ்சாலைக்கு மாற்றப்பட்டன. ஓட்டுவோர் தலைக்கவசமும் அணியவேண்டியதாயிற்று. மிதித்தற்குத் துணை செய்யும் மெல்லிய மின்வண்டிகளோ மிதிவண்டிப் பாதையிலேயே தொடர்ந்தன. நமது சாலைகளில் தனிப்பாதை இல்லை. ஆயினும் இனம் பிரித்து இடம் வகுத்த அம்முறை நமக்கும் பாடமாகும்.

நம்மளவில் செய்தற்குரியன சிலவே. அவை அரியனவும் அல்ல. சாலையோரம் மணலும் குழியுமின்றிப் பேணப்படல் வேண்டும். விரைந்த மின்வண்டி ஓரத்தை விட்டு உந்து வண்டிகளோடு செல்லல் வேண்டும். முந்துவோன் சில கோல் தொலைவிலேயே மணியோ குழலோ ஒலித்து, கை எட்டாத இடைவெளி விட்டுச் செல்லல் வேண்டும். மேட்டில் அவ்விடைவெளி இன்னும் மிகல் வேண்டும். விதித்த வேகத்திற்கு மேல் ஓடுமாறு பொறியைத் திருத்துவோர், பதிவு வேண்டா என்னும் சலுகையை இழந்தவராவர் என்பதை உணர்தல் வேண்டும். மிதிவண்டியாளரும் இரவில் விளக்கின்றிச் செல்லுதலையும், இருவர் மூவராக அணிவகுத்துப் பேசிச் செல்லுதலையும் ஒழித்தல் வேண்டும்.

வேகம் பெற்றவன் பொறுமையும் பெறுதல் தகும். ஏனெனில் சில நொடி காத்திருத்தலால் அவன் இழப்பது சிறிது. காக்கப்படுவதோ, மேட்டின் நடுவே மூச்சு வாங்கி மிதித்துச் செல்லும் ஒருவனது உயிர்.