கோட்டுக்கு எடை கிடையாது

சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனை நிஜ நடிகர்களை வைத்துப் படமாக்க வேண்டும் என்று ஈப்போவிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் தம்பி தங்கைகள் என்னைத் தேடி வருகிறீர்கள். முப்பது வருஷம் படங்களுக்கு உடையும் அரங்கமும் அமைத்தவன் நான். உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் உரிமை. 1998இல் டிவி 1இல் வந்த 'கெலுவாங் மேன்' கார்ட்டூன் 2025இல் அன்வாரி அஷ்ராஃப் இயக்கத்தில் திரைக்கு வந்ததைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்த வேகம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படங்களுக்கு 50 வருஷம் பாதுகாப்புத் தருகிறது. நீங்கள் ரசித்த தொடர்கள் இன்னும் யாரோ ஒருவருடையவை. கையெழுத்து வாங்காமல் ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள். எட்டு மாதம் எழுதிய கதையைப் பெட்டியில் போட்டு மூடியவன் சொல்கிறேன்.

2. உரிமை வாங்கப் பணமில்லையா? நாட்டுப்புறக் கதைக்குப் போங்கள். ஆனந்தம் சேவியர் அரசுத் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவுக்காக எடுத்து 1983இல் ஒளிபரப்பான 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' அப்படி வந்ததுதான். கஞ்சில் என்றால் சருகுமான்; அதன் கதை எல்லாருக்கும் பொது. அவர் வரைந்த சருகுமானை மட்டும் தொடாதீர்கள்.

3. கோட்டில் வரைந்த மேலங்கிக்கு எடை கிடையாது. துணியில் தைத்தால் அது மழையில் நனைந்து கழுத்தைப் பின்னால் இழுக்கும். முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கும். சண்டைக்காரரால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அதனால் உடையை ஒரு மாதம் முன்பே தைத்து, நடிகரை அதோடு ஓட விடுங்கள், படியேற விடுங்கள், சாப்பிட விடுங்கள். கார்ட்டூனில் நாயகன் கூரைக்குக் கூரை தாவுவான். தோட்ட லயத்துத் தகரக் கூரையில் ஓர் ஆள் குதித்தால் அடுத்த வீட்டுக் குழந்தை வீறிட்டு எழும். அந்த அழுகையை விட்டுவிடாதீர்கள். பார்ப்பவர் நம்புவது அதைக் கேட்டுத்தான்.

4. கெலுவாங் என்பது பழந்தின்னி வௌவால். ஈப்போவில் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றனவே என்று அதைக் குகைக்குள் தொங்கவிடாதீர்கள். அது மரக்கிளையில் தொங்குகிற பிராணி. இன்னொன்றும் உண்டு. 'கெலுவாங் மேன்' தொடர் ஒளிபரப்பான அதே காலத்தில்தான் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா நோய் தொடங்கி, நாட்டில் 105 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கிருமியின் இருப்பிடம் இந்த வௌவால் என்று பிறகு தெரியவந்தது. அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்த சிறுவனுக்கு அது தெரியாது. இன்று டிக்கெட் வாங்கும்போது தெரியும். அவன் பயத்துக்கும் கதையில் இடம் கொடுங்கள்.

5. சிறுவன் நாயகன் என்றால் வேகமாக எடுங்கள். 2008இல் தொடங்கிய 'சோட்டா பீம்' தொடரை ராஜீவ் சிலகா 2024இல் நிஜச் சிறுவர்களோடு திரைக்குக் கொண்டுவந்தார். கார்ட்டூன் பீமுக்கு வயது ஏறாது. உங்கள் பையனுக்கு அடுத்த பள்ளி விடுமுறைக்குள் குரல் உடைந்துவிடும்.

6. செம்பனைக்கு நடுவே கேமராவை வைத்துவிட்டு 1990களின் பால்மரக் காடு என்று சொல்லாதீர்கள். பால்மரம் நெடுநெடுவென நிற்கும், இடையில் வானம் தெரியும். செம்பனை மட்டை தலைக்கு மேலேயே மூடிவிடும். மிச்சமிருக்கும் ஏதாவது ரப்பர் தோட்டத்தைத் தேடி, விடியுமுன் போங்கள். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் அந்நேரம் தலைவிளக்கோடு பால் வெட்டுவார்கள். அந்த வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்வதைப் பார்த்துவிட்டு, உங்கள் நாயகன் இருட்டில் எப்படி வருவான் என்று முடிவு செய்யுங்கள்.

7. கெலுவாங் மேனாக வரும் போர்ஹான், ஜொகூரின் தம்போய் மனநல மருத்துவமனையிலிருந்து இரவில் நழுவி வரும் நோயாளி. கார்ட்டூனில் பார்த்துச் சிரித்தோம். பேராக்கில் நாங்கள் கேலிக்குச் சொல்லும் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எங்கள் லயத்து அக்கா ஒருவர் நான்கு மாதம் அங்கே இருந்து திரும்பினார். அவர் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்ற முதல் காலையில், பையன்கள் நாங்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினோம். அக்கா திரும்பவில்லை. வாளிகளைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்கு நடந்தார். இந்த வேடத்துக்கு ஆள் தேடும்போது, முகத்தைக் கோணிக் காட்டுகிறவரை அனுப்பிவிடுங்கள். அப்படித் திரும்பாமல் நடக்கத் தெரிந்தவரை எடுங்கள்.