மகளைச் சாரணியர் படையில் சேர்க்கலாமா?

பத்து வயதைத் தொட்ட பெண்பிள்ளை பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து, "அத்தா, இதிலே கையெழுத்துப் போடுங்க, நான் சாரணியர் படையில் சேரப் போறேன்" என்று நீட்டினால், மம்சாபுரம் போன்ற ஊர்களில் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "அதெல்லாம் நமக்கு ஆகாது" என்பதுதான். ஏன் ஆகாது என்று பிள்ளை கேட்டால், "மார்க்கம்" என்று ஒரே சொல்லில் வாயை அடைத்து விடுகிறோம். விசாரித்தறியாமல் மார்க்கத்தின் பெயரால் ஒன்றைத் தடுப்பது சிறிய காரியமன்று. மார்க்கம் என்றாலே தடைதான் என்று அந்தப் பிஞ்சு மனத்தில் பதிந்துவிட்டால், பின்னால் அதை அழிக்க நம்மால் ஆகாது. எனவே இது என்ன என்பதை முதலில் தெரிந்து கொள்வோம்.

1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சிறுவர் சாரணர் கூடிய அணிவகுப்பில் பெண்பிள்ளைகளும் வந்து நின்று, எங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது. இந்தியாவில் 1911-ல் ஜபல்பூரில் தொடங்கிற்று. சுதந்திரத்திற்குப் பின் 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கம் அமைந்தது. பெண்களின் சங்கம் 1951-ல் அதில் இணைந்தது. பாகிஸ்தானிலும் வங்காள தேசத்திலும் இவ்வியக்கம் உண்டு. மலேசியாவில் 'பண்டு புத்ரி' என்ற பெயரில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் சீருடையோடு தலையை மூடிக்கொண்டு அணிவகுத்து நிற்கிறார்கள்.

படைக்குள் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட சிறு அணிகள் இருக்கும். பொறுப்பாளர் ஓர் ஆசிரியை. முதலுதவி, கட்டுப்போடுதல், முடிச்சு வகைகள், திசையறிதல், அடுப்பு மூட்டிச் சமைத்தல், பிறருக்கு உதவுதல் ஆகியவை பாடங்கள். இவற்றுள் எது நமக்கு அந்நியம்? அகழ்ப்போரின்போது ருஃபைதா (ரலி) அவர்கள் பள்ளிவாசலருகே கூடாரமடித்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார்கள். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்தும் நோயாளிகளைக் கவனித்தும் பணியாற்றினார்கள். நம் வீட்டில் ஒரு பெண் அடுப்பங்கரையில் தீக்காயம் பட்டு விழுந்தால், ஆண் கை படத் தயங்குகிறோம்; ஆனால் காயத்தைக் குளிர்ந்த நீரில் வெகுநேரம் நனைக்க வேண்டும் என்று அறிந்த பெண் தெருவில் ஒருத்தியும் இல்லை. இந்த அறிவு ஊரில் யாரிடமாவது இருந்தே ஆகவேண்டிய பர்ளு கிபாயா என்றே நாம் கருதுகிறோம்.

இனி, நம்மவர்களை உண்மையில் உறுத்துகிற சொல்லுக்கு வருவோம். 'கொடி வணக்கம்' என்று பள்ளியில் சொல்கிறார்கள். நம் தமிழில் வணக்கம் என்றால் இபாதத். அல்லாஹ் ஒருவனுக்கே உரியதைத் துணிக்குச் செய்வதா என்று ஒரு தாய் பதறுவது இயல்புதான். ஆனால் அங்கே நடப்பது மூன்று விரல்களை உயர்த்தி, நிமிர்ந்து நின்று மரியாதை செலுத்துவது. குனிதலோ ஸுஜூதோ அதில் இல்லை. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். தடுமாற்றம் பெரிதும் சொல்லில் இருக்கிறது, செயலில் இல்லை.

உறுதிமொழியிலும் ஒரு நுட்பம் உண்டு. தன் மதிப்பை முன்வைத்து, கடவுளுக்கும் நாட்டுக்கும் உரிய கடமையைச் செய்யவும், பிறருக்கு உதவவும், சாரணியர் விதிக்குக் கீழ்ப்படியவும் இயன்றவரை முயல்வதாகப் பிள்ளை கூறுகிறாள். அல்லாஹ் அல்லாதவற்றின் மீது சத்தியம் செய்யக்கூடாது என்பது மார்க்கச் சட்டம். இது சத்தியமன்று, வாக்குறுதி என்றே நமக்குப் படுகிறது. மனம் ஒப்பாதவர்கள் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளட்டும். சர்வ சமயப் பிரார்த்தனை நடந்தால், நம் முறை வரும்போது பிள்ளை 'அல்ஹம்து' சூராவை அழகாக ஓதட்டும். பிறர் ஓதும்போது மரியாதையாக மௌனம் காக்கட்டும். இதை ஆசிரியையிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லி வைப்பது தாயின் வேலை. இடக்கையால் கைகுலுக்குவது சாரணர் வழக்கம். அது இயக்கத்தாரின் அடையாளம் மட்டுமே. ஸலாமும் முஸாபஹாவும் நம் முறைப்படியே இருக்கட்டும்.

சீருடைக்குச் சல்வார் கமீஸும் துப்பட்டாவும் உண்டு. முழுக்கை வைத்துத் தளர்வாகத் தைத்துத் தலையை மூடிக்கொள்ள அனுமதி கேளுங்கள். கேட்காமலே மறுத்து விடுவார்கள் என்று எண்ணிக்கொள்வது நம்மிடமுள்ள பழக்கம்.

நாம் உண்மையில் நின்று யோசிக்க வேண்டிய இடம் முகாம். வாரக் கூட்டத்துக்கு ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ போய்வருவது ஒன்று, வெளியூரில் இரவு தங்குவது வேறு. மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் செய்யக்கூடாத தூரம் ஹனபி மத்ஹபில் மூன்று நாள் நடை. பிற்கால உலமாக்கள் அதைச் சுமார் 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். நம் பக்கத்திலிருந்து மதுரை ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நிற்கிறது. 2025 ஜனவரி இறுதியில் பெரும் ஜம்போரி நடந்த மணப்பாறையோ எல்லைக்கு வெகு அப்பால். பருவமெய்திய, அல்லது அதை நெருங்கிய பிள்ளையானால், அவ்வளவு தூரம் அத்தாவோ அண்ணனோ உடன் போய், அருகில் தங்கி அழைத்துவர வேண்டும். முடியாவிட்டால் அந்த ஒரு முகாமை விட்டுவிடலாம். அதற்காக இயக்கத்தையே விட வேண்டியதில்லை. ஷாபிஈ மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் தனியே விளக்கம் பெறுவது நல்லது.

அருகில் நடக்கும் முகாமானாலும் கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும். இரவில் பிள்ளைகளோடு தங்கும் ஆசிரியைகள் யார்? ஆண் பொறுப்பாளர்கள் எங்கே தங்குகிறார்கள்? கழிப்பறை, குளிக்குமிடம் மறைவாக உள்ளதா? இறைச்சி சமைத்தால் அறுத்தவர் யார்? (தெரியாவிட்டால் பிள்ளை காய்கறியோடு நிறுத்திக் கொள்ளட்டும்.) இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் பொறுப்பாளரிடம் எந்தச் சமயத்துப் பிள்ளையையும் அனுப்பக்கூடாது. தொழுகைக்குப் பத்து நிமிட இடைவெளி தருவீர்களா என்றும் கேளுங்கள். கிப்லாவைக் காட்டத் திசைகாட்டியை அவளே பயன்படுத்தட்டும். அதுவும் அங்கே ஒரு பாடம்தானே!

ஊர்ப் பள்ளியில் படை இல்லையெனில், அருகிலுள்ள ஊர்ப் பள்ளிகளில் விசாரியுங்கள். எங்குமே இல்லாவிட்டால், நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்து, ஓர் ஆசிரியையைப் பயிற்சிக்கு அனுப்பக் கேட்கலாம். பெண்பிள்ளைகளின் தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் காரியம் விரைவில் நடக்கும்.