பெர்மிட் காணியும் பெண்பிள்ளையின் உரிமையும்



சில ஆண்டுகளுக்கு முன், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் கிழக்கைச் சேர்ந்த ஒரு மாணவி என்னைச் சந்திக்க வந்தாள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அவள், இறுதியாண்டு ஆய்வுக்கு மனித உரிமையும் சட்டத்தில் உள்ள பாரபட்சமும் என்ற பொருளை எடுத்திருந்தாள். கையில் இருந்த குறிப்புகள் யாவும் ஜெனீவாவையும் தென்னாபிரிக்காவையும் பற்றியவை. "எங்கட ஊரில எதை எழுதலாம், பாதர்?" என்று கேட்டாள். "முதலில் அம்மாவிட்ட வயலைப் பற்றிக் கேளும், பிள்ளை" என்றேன்.

அம்மா சொன்ன கதை இது. 2006 ஏப்ரலில் குடும்பம் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி முகாமில் தங்கியது. அங்கே அம்மப்பா இறந்தார். அம்மம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மப்பாவின் பெயரில் இரண்டு ஏக்கர் பெர்மிட் வயல் இருந்தது. தமக்குப் பின் யாருக்கு என்று அவர் எவரையும் பதிவு செய்திருக்கவில்லை. பிள்ளைகளில் மூத்தவர் அம்மா. தகப்பனைக் கடைசிவரை பார்த்தவரும் அவரே. ஊர் திரும்பிய பின் அலுவலகம் போனபோது, "மகன் இருக்கிறார், மகளுக்கு எழுத ஏலாது" என்ற பதிலே கிடைத்தது. இன்று அம்மா தம் தம்பியின் தயவில் அந்த வயலைச் செய்கிறார்.

அதிகாரிதான் பாரபட்சம் காட்டினார் என்று மாணவி கோபப்பட்டாள். சட்டப் புத்தகத்தைத் திறந்தபோது, அவர் அதில் இருந்ததையே சொன்னார் என்று கண்டாள்.

சட்டம் சொன்னது என்ன?

பெர்மிட் காணிகளுக்கு உரியது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரகாரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், அவருடைய மனைவி அல்லது கணவர் வாழ்நாள்வரை காணியை அனுபவிக்கலாம்; விற்க முடியாது. அதன்பின் காணி ஒருவருக்கே சென்றது. அந்த ஒருவர் யார் என்பதை மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது: முதலில் ஆண்மக்கள், பிறகு பெண்மக்கள், பேரன்மார், பிறகு பேத்திமார், தந்தை, பிறகு தாய், சகோதரர், பிறகு சகோதரிகள். ஒரு மகன் இருந்தால் மூத்த மகளுக்கும் இடமில்லை.

உறுதிக் காணியின் நிலை வேறு. பொதுச் சட்டத்தின்படி, மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி துணைவருக்கும், மீதி ஆண் பெண் பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகவும் சேரும். ஏழைக்கு அரசு கொடுத்த காணியில்தான் பெண்பிள்ளை பின்னுக்குத் தள்ளப்பட்டாள்.

அரசியலமைப்பு இருந்தும் ஏன்?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12(2) உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறப்பிடம் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அப்படியானால் இந்த அட்டவணை எப்படி நிலைத்தது? விடை 16(1) உறுப்புரையில் இருந்தது. அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு மாறாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று அது கூறுகிறது. ஆகவே பாராளுமன்றமே மாற்ற வேண்டியிருந்தது. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. இந்த அட்டவணை திருத்தப்பட்டதோ 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தினால்தான். ஆணுக்கு முதலிடம் என்ற வரிசை அப்போது நீங்கியது.

மறைந்திருக்கும் பாரபட்சம்

மாணவி வேறொன்றையும் கண்டாள். இறந்தவரின் துணைவரோ நியமிக்கப்பட்டவரோ ஆறு மாதத்துக்குள் காணியில் பிரவேசிக்க வேண்டும், தவறினால் உரித்து இழக்கப்படும் என்றது அதே சட்டம். எழுத்தில் இது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஊருக்குள் கால்வைக்க முடியாமல் முகாமில் இருப்பவருக்கு அது சமமாகுமா? சம்பூர் மக்களின் காணிகள் 2015, 2016 ஆண்டுகளில்தான் விடுவிக்கப்பட்டன. சட்டத்தின் சொல்லில் உள்ள பாரபட்சம் கண்ணுக்குத் தெரியும். அதன் விளைவில் உள்ளது, பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தான் தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பெர்மிட் உங்கள் பெயரில் இருந்தால், உயிரோடிருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்யுங்கள். மரணத்துக்கு முன் பதியாத நியமனம் செல்லாது. மகளையும் நியமிக்கலாம்.

2. இடப்பெயர்வில் பெர்மிட் தொலைந்திருந்தால், பிரதேச செயலகப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள்.

3. காணிக்குள் போக முடியாத நிலை இருந்தால், காரணத்தைப் பிரதேச செயலாளருக்கு உடனே எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

4. 2022க்கு முன் நிகழ்ந்த மரணங்களில் புதிய திருத்தம் தானாகவே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள்.

5. அரச அதிகாரி ஒருவரின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில், ஆண்மகன் இல்லாத தகப்பனின் ஐந்து பெண்மக்கள் மோசேயின் முன் நின்று காணி கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாகி, முறையும் மாறியது. முதலில் யாராவது கேட்க வேண்டும். நம் மாணவியும் தன் ஆய்வின் முதல் பக்கத்தில் அம்மாவின் வயலைப் பற்றியே எழுதினாள்.

கூடிப் பேசுவதற்கு

அ. உங்கள் குடும்பக் காணி யார் பெயரில் உள்ளது? அவருக்குப் பின் யாருக்கு என்று பதிந்திருக்கிறதா?

ஆ. உங்கள் கிராமத்தில் சகோதரனின் தயவில் காணி செய்யும் பெண்கள் உண்டா? அவர்களுக்கு நாம் எவ்வகையில் துணை நிற்கலாம்?